எல்லாக் காயமும் 'கவலைக்கிடம்' இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சாலை விபத்துச் செய்திகளில் காயம்பட்டவர் எந்த நிலையில் இருந்தாலும் 'கவலைக்கிடம்' என்று ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறீர்கள். உங்கள் நாளிதழ் மட்டும் இல்லை, தொலைக்காட்சியில் கீழே ஓடும் வரியிலும் அதேதான். நான் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள். அந்தப் பிரிவின் கதவுக்கு வெளியே காத்திருப்பவர்களை இந்தச் சொல் என்ன பாடுபடுத்துகிறது என்று நேரில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

சிக்கல் 'சீரியஸ்' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து தொடங்குகிறது. நம் வீடுகளில் அது தமிழாகவே ஆகிவிட்டது. 'சீரியஸா சொல்றேன்' என்றால் விளையாட்டுக்கு இல்லை, நிஜம். 'அவர் சீரியஸ் டைப்' என்றால் அதிகம் சிரிக்காதவர். 'சீரியஸா எடுத்துக்காதே' என்றால் மனசில் வைத்துக்கொள்ளாதே. ஆனால் 'அப்பா சீரியஸ், உடனே கிளம்பி வா' என்று ஊரிலிருந்து போன் வந்தால் அர்த்தம் ஒன்றே ஒன்றுதான்: கடைசியாக முகம் பார்க்க வா. பெரியவர்கள் 'இழுத்துக்கிட்டு இருக்கு', 'சேடம் இழுக்குது' என்று சொல்லிவந்த இடத்தில் இப்போது சீரியஸ் வந்து உட்கார்ந்துவிட்டது.

மருத்துவமனை ஆங்கிலத்தில் அது அவ்வளவு பயங்கரமான சொல் இல்லை. நோயாளியின் நிலையை வெளியாருக்குச் சொல்ல அமெரிக்க மருத்துவமனைச் சங்கம் வகுத்த வரிசை குட், ஃபேர், சீரியஸ், கிரிட்டிக்கல் என்று போகிறது. சீரியஸ் என்றால் உடம்பு கடுமையாகப் பாதிக்கப்பட்டிருக்கிறது. நாடி, ரத்த அழுத்தம், மூச்சு இவை நிலையில்லாமல் இருக்கலாம். கிரிட்டிக்கல் அதற்கும் அடுத்த கட்டம். நினைவு தப்பியிருக்கலாம், அறிகுறிகள் நல்லதாக இல்லை. நம் ராணுவ மருத்துவமனைகளிலும் சீரியஸ்லி இல் லிஸ்ட், டேஞ்சரஸ்லி இல் லிஸ்ட் என்று இரண்டு பட்டியல்கள் உண்டு. உயிருக்கு ஆபத்து என்பவர்கள் இரண்டாவதில்தான் வருவார்கள். டாக்டர் ஆங்கிலத்தில் 'சீரியஸ்' என்று சொல்வதை நிருபர் 'கவலைக்கிடம்' என்று எழுதும்போது, காயம்பட்டவர் ஒரே வரியில் ஒரு பட்டியலிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடுகிறார்.

'ஸ்டேபிள்' என்பதும் இப்படித்தான். கேட்டவுடன் சொந்தக்காரர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். இப்போதைக்கு மாற்றம் இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். வென்டிலேட்டரில் இருப்பவரும் ஸ்டேபிளாக இருக்கலாம். நான் மேலே சொன்ன சங்கமே, அதைத் தனியாக ஒரு நிலையாகச் சொல்ல வேண்டாம் என்கிறது.

அப்புறம் 'படுகாயம்'. இதற்குப் பின்னால் கிரீவியஸ் என்ற சொல் இருக்கிறது. விபத்தில் வந்தவரைப் பார்க்கும் டாக்டர் காயத்தைப் பதிவு செய்து ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல், தருவார். அந்தக் காயம் சிம்பிளா கிரீவியஸா என்பது வழக்குக்குத் தேவை. இது முழுக்கச் சட்டத்தின் கணக்கு. இந்திய தண்டனைச் சட்டத்தின் 320-ஆவது பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆவது பிரிவு, எவையெல்லாம் கொடுங்காயம் என்று வரிசைப்படுத்துகிறது. கண் பார்வை நிரந்தரமாகப் போவது அதில் உண்டு. எலும்பு முறிவதும், ஒரு பல் உடைவதும்கூட அதே வரிசையில் உண்டு. சுண்டுவிரல் எலும்பு முறிந்தவரும் சட்டப்படி கிரீவியஸ்தான், ஆனால் மாவுக்கட்டு போட்டு அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். காவல் நிலையத்தில் கேட்டுக்கொண்டு வருகிற கிரீவியஸ் செய்தியில் 'படுகாயம்' ஆகி, தலைப்புக்கு வரும்போது 'கவலைக்கிடம்' ஆகிவிடுகிறது.

ஜி.எஸ்.டி. சாலை விபத்தில் தொடை எலும்பு முறிந்து வந்த ஒரு பையனை நினைத்துக்கொள்கிறேன். நல்ல நினைவோடு இருந்தான். அறுவை சிகிச்சைக்கு முன்னால் வாய்க்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று வைத்திருந்தோம். ஒரு வாய் காபியாவது கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். திருவண்ணாமலைப் பக்கத்து ஊரில் அவன் அம்மாவுக்கு யாரோ பேப்பரைப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். பங்காளிகளுக்கெல்லாம் சொல்லியனுப்பிவிட்டு, வேன் பிடித்து, வழியெல்லாம் அழுதுகொண்டே வந்து சேர்ந்தார். வார்டு வாசலில் நாங்கள் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை. பையன் 'அம்மா' என்று கூப்பிட்ட பிறகுதான் நம்பினார்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும், அது இன்னும் கொடுமை. தலையில் அடிபட்டு நினைவே இல்லாமல் வென்டிலேட்டரில் கிடந்தவருக்குச் செய்தியில் வெறும் 'படுகாயம்'. மறுநாள் காலை அவர் மனைவி டிபன் கேரியரோடு வந்து, எப்போது டிஸ்சார்ஜ் என்று கேட்டார். அவருக்கு நிலைமையைப் புரியவைக்க டாக்டர் பட்ட பாடு பெரும்பாடு.

இதையெல்லாம் சொல்லத் தமிழில் வழி இல்லாமல் இல்லை. உடம்பு தேறி வருகிறது, முடியாமல் இருக்கிறார், நிலைமை மோசம், உயிருக்கு ஆபத்து என்று படிப்படியாகச் சொல்ல நம் ஜனங்களுக்கு நன்றாகத் தெரியும். வார்டில் நாங்களும் அப்படித்தான் பேசுவோம். நினைவைப் பார்ப்பதற்கு 1974-இல் வந்த கிளாஸ்கோ அளவு இருக்கிறது. முழு நினைவுக்கு 15, ஆகக் குறைந்தது 3. அந்த எண்ணைச் செய்தியில் போடச் சொல்லவில்லை. கண் திறந்து பார்க்கிறாரா, பேசுகிறாரா, தானாக மூச்சு விடுகிறாரா என்று நிருபர் கேட்டால் ஒரு டாக்டரோ செவிலியரோ ஒரு நிமிடத்தில் சொல்லிவிட முடியும். 'தொடை எலும்பு முறிந்துள்ளது, நினைவோடு இருக்கிறார்' என்று எழுத இடம் எவ்வளவு பிடிக்கும்?

இது முடியாத காரியம் இல்லை. 'மூளைச்சாவு' என்ற சொல்லைப் பாருங்கள். 1994-லேயே உறுப்பு மாற்றுச் சட்டம் வந்துவிட்டது, ஆனாலும் மக்களுக்கு அது என்னவென்று பிடிபடவில்லை. 2008-இல் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதி, மூளைச்சாவு அடைந்த தங்கள் மகனின் உறுப்புகளைத் தானம் செய்தபோது பத்திரிகைகள் அதை விளக்கி விளக்கி எழுதின. அதற்குப் பிறகு, கோமா வேறு மூளைச்சாவு வேறு என்று எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் எங்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ள ஆரம்பித்தார்கள். நீங்கள் அன்று செய்ததைத்தான் இப்போதும் கேட்கிறேன்.

கூடவே ஒரு வேண்டுகோள். காயம்பட்டவரின் பெயர், ஊர், தகப்பனார் பெயர் எல்லாம் அச்சில் வருகிறது. வீட்டாருக்குத் தகவல் போய்விட்டதா என்று காவல் நிலையத்தில் கேட்டுக்கொண்ட பிறகு பெயரைப் போடுங்கள். போகவில்லை என்றால் அன்றைக்குப் பெயர் இல்லாமலே செய்தி வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
பெரம்பூர், சென்னை - 11.