பெய்ஜிங் – சியான் வழியில் ஒரு உண்டியல் ஊர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து சீனா செல்வோரைப் பயண ஏற்பாட்டாளர்கள் பெய்ஜிங்கிலிருந்து சியானுக்கு விமானத்தில் ஏற்றிவிடுவதால், இடையிலுள்ள பிங்யாவ் நகரம் பலருக்கும் காணக் கிடைப்பதில்லை. சுமார் 6 கி.மீ. மதில் சூழ்ந்த அவ்வூரில் 1823-இல் தோன்றிய ரிஷெங்சாங் நிறுவனம், வெள்ளியைச் சுமந்து செல்லாமலே உண்டியல் (ஓர் ஊரில் பணம் கட்டி வாங்கி, வேறூரில் காட்டிப் பணம் பெறும் சீட்டு) மூலம் ஊர்விட்டு ஊர் பணம் அனுப்ப வழிசெய்தது. முன்கட்டில் கணக்கர் மேசைகளும் பின்னால் அடுத்தடுத்து முற்றங்களுமாக இன்று அருங்காட்சியகமாக நிற்கும் அக்கட்டடத்தை, கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்ய, போன குடும்பத்தார் பார்க்காமல் திரும்புவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அதிவேக ரயிலில் சென்று, அங்கு ஓர் இரவு தங்கி, மறுநாள் சியானுக்குப் போகலாம். நிலையம் பழைய நகரிலிருந்து சில கி.மீ. தள்ளியிருக்கிறது, பயணச்சீட்டுக்குப் பாஸ்போர்ட் கட்டாயம். தேசிய தின விடுமுறையால் கூட்டம் நெரியும் அக்டோபர் முதல் வாரத்தைத் தவிர்ப்பது நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காரைக்குடி