டேங்குக்குள் பூஜ்யம் காட்டும் மீட்டர்

ஆசிரியர் அவர்களுக்கு,

கப்பல் பட்டறைகளில் டேங்குக்குள் பெயிண்ட் அடிக்க இறங்கும் ஊழியர்கள் கேஸ் மீட்டரை நம்பித்தான் இறங்குகிறார்கள். உயிர்வாயு 20.9, எரிவாயு 0, ஹைட்ரஜன் சல்ஃபைடு 0, கார்பன் மோனாக்சைடு 0. உள்ளே இறங்க அனுமதிக்கும் பெர்மிட்டில் கையெழுத்து விழுந்துவிடும். ஆனால் பெயிண்டை இளக்கும் தின்னரின் ஆவி நச்சளவில் இருக்கிறதா என்பதற்கு இந்த நான்கு எண்களிலும் விடை கிடையாது.

கணக்கைப் பாருங்கள். பல தின்னர்களில் இருக்கும் டொலுயீன் காற்றில் சுமார் 1.1 விழுக்காடு சேர்ந்தால்தான் தீப்பற்றும். மீட்டர் அலறும் 'எரிவாயு 10%' என்பது அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1,100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 1,100 பங்கு). எட்டு மணி நேர வேலையில் சுவாசிக்கலாம் என்ற வரம்பு 50 பிபிஎம் என்று வைத்துக்கொண்டாலும் அது 22 மடங்கு! திரையில் வெறும் 1% தெரிந்தாலே 110 பிபிஎம். மீத்தேனை வைத்துச் சரிபார்த்த மீட்டராக இருந்தால் உண்மை அளவு இன்னும் கூடுதல். ஊழியருக்குத் தலை கிறுகிறுக்கும். வெக்கை என்று சொல்லித் தண்ணீர் கொடுப்பார்கள்.

இதற்கு வேண்டியது பிஐடி கருவி; புற ஊதா விளக்கொளியால் ஆவியை அயனியாக்கி, அதன் அளவை பிபிஎம்மில் காட்டும். ஐசோபியூட்டிலீன் வாயுவை வைத்துச் சரிபார்த்த கருவி 100 காட்டினால் டொலுயீன் ஏறக்குறைய 50. பெயிண்ட் துகள் படிந்த விளக்கு குறைத்துக் காட்டும். வழக்கமான 10.6 eV (எலெக்ட்ரான் வோல்ட்) விளக்குக்கு மெத்தனாலும் டைகுளோரோமீத்தேனும் தெரியவே தெரியாது. ஆகவே, தின்னரில் என்ன இருக்கிறது என்று பாதுகாப்புத் தரவுத் தாளில் முதலில் பார்க்க வேண்டும்.

பிஐடி அந்தந்த நொடியைத்தான் சொல்லும். வேலைநேரம் முழுவதும் சுவாசித்ததை அறிய, ஆவியைப் பிடித்துவைக்கும் கரி நிரப்பிய சிறு குழாயைச் சட்டைக் காலரில், மூக்கிலிருந்து 30 செ.மீ.க்குள் பொருத்தி, தீப்பொறி எழுப்பாத சிறு பம்ப்பால் நிமிடத்துக்கு 50 முதல் 200 மி.லி. காற்றை இழுக்க வேண்டும். பம்ப்பின் வேகத்தை வேலைக்கு முன்னும் பின்னும் அளந்து, 5 விழுக்காட்டுக்கு மேல் மாறியிருந்தால் அந்த மாதிரியை ஒதுக்கிவிடலாம். பிறகு ஆய்வகத்தில் பார்க்கும்போது, குழாயின் முன்பகுதியில் சிக்கியதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பின்பகுதியிலும் சிக்கியிருந்தால் ஆவி வழிந்து போயிருக்கிறது. முடிவு உண்மையைவிடக் குறைவு. நம் ஊர் ஈரப்பதத்தில் கரியின் கொள்திறன் குறையும் என்பதால், ஒரே குழாயை நாள் முழுக்க ஓட்டாமல் இடையில் மாற்றுவது நல்லது.

அளக்கும் இடமும் நேரமுமே பெரும்பாலும் தவறாகின்றன. காலையில், பெயிண்ட் டின்னைத் திறக்கும் முன், மேன்ஹோல் வாயில் அளப்பதால் பயனில்லை. ஸ்ப்ரே அடிக்கும்போது, காற்றுக்குழாய் எட்டாத அடிமூலையில் அளக்க வேண்டும்.

பெர்மிட் தாளில் தின்னர் ஆவிக்குத் தனிக் கட்டம் சேர்க்குமாறும், ஆய்வக முடிவுகளைத் தமிழிலும் வங்காளத்திலும் ஊழியர்கள் கண்ணில் படும்படி ஒட்டுமாறும் பட்டறை நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

தொழில்சார் சுகாதாரப் பணியில் உள்ள வாசகர்கள்,
துவாஸ், சிங்கப்பூர்