குரோமை உரித்துவிட்டுக் கடின நீர் மேல் பழி: சேவை குறித்த புகார்

அனுப்புநர்:
வீட்டு உரிமையாளர்கள்,
வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி, ஈசூன், சிங்கப்பூர்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
குளியலறைப் புதுப்பிப்புச் சேவை நிறுவனம், சிங்கப்பூர்.

பொருள்: மிக்ஸர் குழாய்களைப் பாழாக்கியது, பயனற்ற தண்ணீர் மென்மையாக்கி விற்றது குறித்து.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் குளியலறையின் வாஷ் பேசின் மிக்ஸர் (சூடான, குளிர்ந்த நீரைக் கலந்து தரும் குழாய்), ஷவர் மிக்ஸர், கைஷவர், கண்ணாடித் தடுப்பு ஆகியவற்றைப் புதிது போல் ஆக்கித் தருவதாகச் சொல்லி 680 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்கினீர்கள். ஷவரில் பொருத்திய 'கடின நீர் மென்மையாக்கி'க்குத் தனியாக 420 வெள்ளி. கடின நீர் என்பது கால்சியம் போன்ற உப்புகள் அதிகம் கரைந்த தண்ணீர். இப்போது குழாய்கள் வேலைக்கு முன் இருந்ததைவிட மோசமாக இருக்கின்றன. தொலைபேசியில் சொன்னதற்கு, "உங்கள் வீட்டுத் தண்ணீர் கடினமானது, அதனால்தான் கறை திரும்பி வந்துவிட்டது" என்று பதில் வந்தது. திரும்பி வந்தது கறை அல்ல. போனது முலாம். இரண்டும் வேறு என்பதால் இதை எழுத்தில் தருகிறோம்.

பேசின் மிக்ஸரின் கைப்பிடிக்குக் கீழே, தண்ணீர் வழிந்து இறங்கும் இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சள் சாயல் தெரிகிறது. அதன் விளிம்பில் வெள்ளி நிறக் குரோம் திட்டுத் திட்டாக நிற்கிறது. குழாய் மூக்கின் அடிப்பக்கத்தில் இரண்டு இடங்களில் இளஞ்சிவப்பு. மஞ்சளாகத் தெரிவது நிக்கல், இளஞ்சிவப்பாகத் தெரிவது துத்தநாகம் கரைந்துபோன பித்தளை. நல்ல மிக்ஸரின் உடல் பித்தளை. அதன்மேல் சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நிக்கல், அதற்கும் மேலே குரோம். அலங்காரக் குரோம் பெரும்பாலும் அரை மைக்ரானைத் தாண்டாது. அந்த மெல்லிய அடுக்குதான் பளபளப்பையும் தருகிறது, நிக்கல் மங்காமலும் காக்கிறது. கடின நீர் விட்டுச்செல்லும் படிவு குரோமின் மேல் வெள்ளையாக உட்காரும், நகத்தால் சுரண்டினால் சொரசொரக்கும். எங்கள் குழாயில் அந்த இடம் வழுவழுப்பாக இருக்கிறது. மேலே எதுவும் ஏறவில்லை, உள்ளதுதான் குறைந்திருக்கிறது.

காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. உங்கள் ஊழியர் விட்டுச்சென்ற குப்பி டாய்லெட் பவுல் கழுவும் திரவம். அதன் பின்பக்கத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று அச்சிட்டிருக்கிறது, படம் இணைத்துள்ளோம். முலாம் பூசும் பட்டறைகளில் பழைய குரோமை உரிக்கப் பயன்படுத்துவதே இந்த அமிலம்தான். பீங்கானின் மேல்பூச்சு அதைத் தாங்கும், குரோம் தாங்காது. டாய்லெட் பவுலுக்கு உள்ளதைக் குழாயில் ஊற்றி ஊறவிட்டு, இரும்புக் கம்பளியால் தேய்த்தால் எந்த நிறுவனத்தின் மிக்ஸரும் இப்படித்தான் ஆகும். கம்பளித் துகள்கள் இடுக்கில் தங்கித் துருவேறியதால், ஷவர் மிக்ஸரின் அடித்தட்டைச் சுற்றிப் பழுப்புப் புள்ளிகளும் வந்துவிட்டன.

அதற்குப் பிறகு செய்ததுதான் எங்களை அதிகம் உறுத்துகிறது. முலாம் போன இடத்தை மறைக்க 'நானோ கோட்டிங்' என்ற பெயரில் தெளிப்பு வார்னிஷ் அடித்திருக்கிறீர்கள். வெந்நீர் பட்டுப் பட்டு அது வெங்காயத் தோல் போல் உரிகிறது. நானோ அடுக்கு இப்படி விரலால் இழுத்து எடுக்கும் தடிமனில் இருக்காது.

எங்கள் குழாய்களில் முன்பு இருந்த வெண்படலம் என்ன என்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சோதனை எளிது. வெள்ளை வினிகர் ஒரு துளி விட்டால் சுண்ணாம்புப் படிவு நுரைக்கும், ஏனென்றால் கால்சியம் கார்பனேட்டிலிருந்து கரியமில வாயு வெளியேறுகிறது. நுரைக்காவிட்டால் அது பெரும்பாலும் சோப்புப் படலம், அதாவது சோப்பும் தண்ணீரில் உள்ள கால்சியமும் சேர்ந்த பிசின். சோப்புப் படலத்தின்மேல் நேராக அமிலத்தைப் போடுவது தவறான வரிசை. அமிலம் பட்டதும் அது கொழுப்பு அமிலமாக மாறி மெழுகுபோல் ஒட்டிக்கொள்ளும். பிறகு 'கறை பிடிவாதமாக இருக்கிறது' என்று இன்னும் வலுவான அமிலத்தைத் தேடுவீர்கள். முதலில் பாத்திரம் கழுவும் திரவமும் வெந்நீரும், மென்மையான துணி. அலசிவிட்டு, மிஞ்சும் வெள்ளைக்கு மட்டும் அமிலம்.

அமிலம் என்றால் சிட்ரிக் போதும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம். காகிதத் துண்டை அதில் நனைத்துக் குழாயைச் சுற்றிக் கட்டி, 10 முதல் 15 நிமிடத்தில் எடுத்து, அலசித் துடைக்க வேண்டும். போகவில்லையா, இன்னொரு முறை கட்டலாம். இரவு முழுக்க விடக்கூடாது. படிவு தடிமனாக இருந்தால் சல்ஃபாமிக் அமிலம் நல்லது. அதன் கால்சிய உப்பு தண்ணீரில் எளிதில் கரைந்துவிடும், சிட்ரிக்கில் வருவது சில நேரம் வெண்மாவாகத் தங்கும். எந்த அமிலத்தையும் பிளீச்சோடு சேர்க்கக்கூடாது. குளோரின் வாயு வரும், ஒரே ஒரு சிறிய ஜன்னல் உள்ள வீவக குளியலறையில் அது விளையாட்டல்ல. கைஷவரின் சிலிக்கான் முனைகளுக்கு அமிலமே தேவையில்லை. தண்ணீர் ஓடும்போது கட்டைவிரலால் தேய்த்தால் படிவு உதிர்ந்துவிடும்.

இனி தண்ணீர். அதைத்தான் நீங்கள் முதல் குற்றவாளி ஆக்கியிருக்கிறீர்கள்.

மீன்தொட்டிக் கடைகளில் விற்கும் கடினத்தன்மைச் சோதனைக் குப்பியைக் கொண்டு எங்கள் குழாய்த் தண்ணீரைச் சோதித்தோம். 5 மில்லி தண்ணீரில் ஒவ்வொரு சொட்டாக விட, ஆரஞ்சு நிறம் ஐந்தாம் சொட்டில் பச்சையானது. ஒரு சொட்டு என்பது கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு ஏறத்தாழ 17.9 மில்லிகிராம் என்பதால், எங்கள் தண்ணீரில் சுமார் 90. பரவலாகப் பயன்படுத்தப்படும் வகைப்பாட்டில் 60 வரை மென்மை, 61 முதல் 120 வரை மிதமான கடினம், 121 முதல் 180 வரை கடினம், அதற்கு மேல் மிகக் கடினம். 90 மிதமான கடினம்தான், 'கடினம்' அல்ல. இந்தியக் குடிநீர்த் தரத்தில் ஏற்கத்தக்க அளவு 200, வேறு வழி இல்லாதபோது 600 வரை அனுமதி. உங்கள் விளம்பரத் தாளில் உள்ள வெள்ளை மேலோடு படர்ந்த ஷவர் படங்கள் சென்னை ஆழ்துளைக் கிணற்றுக்குப் பொருந்தும். பொதுப் பயனீட்டுக் கழகத்தின் குழாயிலிருந்து வரும் தண்ணீருக்கு அவற்றைக் காட்டுவது சரியல்ல. கழகம் தண்ணீர்த் தர அறிக்கையை வெளியிடுகிறது. அதை உங்கள் விற்பனையாளர் ஒருமுறை படித்திருந்தால் போதும்.

அந்த விற்பனையாளர் காட்டிய செயல்விளக்கத்தையும் பதிவு செய்கிறோம். இரண்டு டம்ளர், நடுவில் மின்கம்பிகள். குழாய்த் தண்ணீர் பழுப்பாகி அடியில் சேறு தேங்கியது, 'மென்மையான தண்ணீர்' தெளிவாகவே இருந்தது. அந்தச் சேறு தண்ணீரிலிருந்து வரவில்லை, இரும்புக் கம்பியிலிருந்து வந்தது. தண்ணீரில் கரைந்த உப்பு இருந்தால் மின்சாரம் பாயும், இரும்பு கரையும், துரு வீழும். உப்பே இல்லாத தண்ணீரில் மின்சாரம் பாயாது, அதனால் தெளிவாக நிற்கும். பொருள் தெரியாதவர் பயந்துவிடுவார், அதற்காகவே உருவான வித்தை இது.

இதில் உங்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தண்ணீரில் கரைந்த உப்பின் மொத்த அளவைக் காட்டும், விற்பனையாளரின் டிடிஎஸ் மீட்டர் குழாய்த் தண்ணீருக்கு 130, அந்த 'மென்மையான தண்ணீருக்கு' 4 காட்டியது. உங்கள் சாதனம் அயனிப் பரிமாற்றப் பிசின் கொண்டது என்று அதன் கையேடே சொல்கிறது. அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தை விடும். கரைந்த உப்பின் மொத்த அளவு குறையாது. கணக்குப்படி பார்த்தால் 40 கிராம் கால்சியத்துக்குப் பதில் 46 கிராம் சோடியம், ஆக இம்மியளவு கூடும். 130-ஐ 4 ஆக்கும் மென்மையாக்கி உலகில் கிடையாது. அந்த டம்ளரில் இருந்தது எதிர்ச்சவ்வூடு (ஆர்ஓ) முறையில் வடித்த தண்ணீரோ வாலை வடித்த தண்ணீரோதான், நீங்கள் எங்களுக்கு விற்ற சாதனத்தின் வழியே வந்தது அல்ல.

சரி, மென்மையாக்கவாவது செய்கிறதா? கூட்டினுள் உள்ள பிசின் கால் லிட்டர். இவ்வகைப் பிசின் லிட்டருக்கு அதிகபட்சம் 100 கிராம் சுண்ணாம்பை, அதாவது கால்சியம் கார்பனேட் கணக்கில், பிடிக்கும். நடைமுறையில் அதற்கும் குறைவு. உங்கள் சாதகத்துக்கு முழு அளவையே எடுத்துக்கொண்டாலும் கால் லிட்டருக்கு 25 கிராம். எங்கள் தண்ணீரில் லிட்டருக்கு 90 மில்லிகிராம் என்றால் சுமார் 280 லிட்டரில் பிசின் நிறைந்துவிடும். எங்கள் ஷவர் நிமிடத்துக்கு 9 லிட்டர், வாளியும் கடிகாரமும் வைத்து அளந்தது. ஆக அரைமணி நேரம். ஐந்து நிமிடக் குளியல் ஆறு. உங்கள் பெட்டியில் அச்சாகியிருப்பதோ 'ஆறு மாதம்'. உப்புக் கரைசல் ஊற்றிப் பிசினைப் புதுப்பிக்கவும் வழியில்லை, கூடு ஒட்டி மூடப்பட்டிருக்கிறது. இப்போது சாதனத்துக்கு முன்னும் பின்னும் சோதித்தால் இரண்டிலும் ஐந்தாம் சொட்டில்தான் பச்சை வருகிறது.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பேசின் மிக்ஸரின் 35 மி.மீ. கார்ட்ரிட்ஜை (கைப்பிடிக்கு அடியில் தண்ணீரைத் திறந்து மூடும் உள்பாகம்) கழற்றி அதன் ரப்பர் வளையங்களில் பெட்ரோலியம் ஜெல்லி தடவியிருக்கிறார்கள். இபிடிஎம் என்ற இவ்வகை ரப்பர் எண்ணெயில் ஊறி வீங்கும், அதனால் கைப்பிடி இறுகி நடுவழியில் நிற்கிறது, மூடினாலும் சொட்டுகிறது. அங்கே சிலிக்கான் கிரீஸ்தான் போட வேண்டும். குழாய் நுனியில் உள்ள சல்லடை மூடியான ஏரேட்டரை மாட்டிய பிறகு தண்ணீரைத் திறந்ததால், அமிலத்தில் பெயர்ந்த துகள்கள் எல்லாம் சல்லடையில் அடைத்துக்கொண்டன. கழற்றி வைத்து அரை நிமிடம் ஓடவிட்டிருந்தால் வெளியே போயிருக்கும். கண்ணாடித் தடுப்பில் கரகரப்பான பச்சைத் தேய்ப்பானின் வட்டக் கீறல்கள் உள்ளன. நகம் தட்டாத கீறலுக்கு சீரியம் ஆக்சைடு கலவையும் ஃபெல்ட் வட்டும் உதவும், நகம் தட்டுவதற்கு அது உதவாது. கண்ணாடிக்கும் சுவருக்கும் இடையில் பழைய சிலிக்கானை எடுக்காமல் அதன்மேலேயே புதியதை இழுத்திருக்கிறார்கள். சிலிக்கான் பழைய சிலிக்கானில் பிடிக்காது, ஓரம் இப்போதே தூக்கிக்கொண்டு நிற்கிறது.

தரையில் வடிகாலைச் சுற்றி அமிலம் தேங்கிய இடத்தில் டைல் இடைச்சாந்து மணலாக உதிர்கிறது. தண்ணீரைத் தடுப்பது இடைச்சாந்து அல்ல, அதன் அடியில் உள்ள நீர்க்காப்புப் படலம் என்பது தெரியும். ஆனாலும் அப்படியே விட்டால் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும். கீழ்வீட்டுக் கூரையில் கசிவு வந்தால் அதைச் சரிசெய்யும் பொறுப்பு மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் உண்டு என்பது வீவக விதி. ஆகவே இது அழகு சார்ந்த புகார் மட்டும் அல்ல.

நாங்கள் கேட்பது இவை. பேசின் மிக்ஸர், ஷவர் மிக்ஸர் இரண்டையும் அதே தரத்தில், தண்ணீர்ச் சிக்கன முத்திரை உள்ள புதியவற்றால் மாற்றித் தர வேண்டும். மீண்டும் முலாம் பூசித் தருகிறோம் என்ற யோசனையை ஏற்கமாட்டோம். பிரித்து, உரித்து, மெருகேற்றி, நிக்கலும் குரோமும் ஏற்றும் செலவில் புதிய மிக்ஸரே வந்துவிடும். மென்மையாக்கியைக் கழற்றி எடுத்துக்கொண்டு 420 வெள்ளியைத் திருப்பித் தர வேண்டும். வடிகாலைச் சுற்றி இடைச்சாந்தைச் சுரண்டிப் புதிதாக நிரப்ப வேண்டும். கண்ணாடி ஓரச் சிலிக்கானை முழுவதும் வெட்டி எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு, பூஞ்சை எதிர்ப்புள்ள, புளித்த நெடி வராத நியூட்ரல் வகையைப் போட வேண்டும். அதன்பின் 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது என்பதால் வரும் தேதியை முன்கூட்டியே எங்களிடம் கேட்டு வாருங்கள். கண்ணாடிக் கீறலுக்கு 680 வெள்ளியில் நியாயமான தொகையைக் கழித்துத் தந்தால் போதும், கண்ணாடியை மாற்றச் சொல்லவில்லை.

கடிதம் கிடைத்த 14 நாள்களுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள, குறையுள்ள பொருள்களுக்கான லெமன் சட்டப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிறுவுவது விற்றவரின் பொறுப்பு. மென்மையாக்கி இன்னும் அந்தக் காலத்துக்குள்தான் இருக்கிறது. டம்ளர் வித்தை காட்டி விற்றது, பயனீட்டாளர் பாதுகாப்பு நியாய வாணிபச் சட்டத்தில் சொல்லப்படும் நியாயமற்ற செயலில் சேரும் என்பது எங்கள் கருத்து. பதில் வராவிட்டால் சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கத்திடம் செல்வோம். அதன்பின் 20,000 வெள்ளி வரையான கோரிக்கைகளை விசாரிக்கும் சிறு கோரல் நடுவர் மன்றத்தில் மனுச் செய்வோம்.

ரசீது, குப்பியின் இருபக்கப் படங்கள், குழாய்களின் அண்மைப் படங்கள், சோதனைக் குப்பியின் நிறமாற்றக் காணொளி ஆகியவற்றை இணைத்துள்ளோம். அந்த அமிலக் குப்பி எங்களிடம்தான் இருக்கிறது. வேலைக்கு வருபவர் அதைப் போன்ற இன்னொன்றை எடுத்து வரவேண்டாம். வேலையைத் தொடங்குமுன், மிக்ஸருக்கு வரும் தண்ணீரை அடைக்கும் ஆங்கிள் வால்வுகள் இரண்டும் முழுதாக மூடுகின்றனவா என்று பார்க்கவும் சொல்லுங்கள். சூடான தண்ணீர்ப் பக்கத்து வால்வு சற்றே கசிகிறது, மாற்று வால்வு ஒன்றைக் கையோடு கொண்டுவருவது நல்லது.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்கள், ஈசூன்