செயலாளரின் ஆண்டறிக்கை: நைட்ரோவுக்கு மாறிய வண்டியும் வராத சந்தாவும்

தலைவருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கையின் நகல் போய்ச் சேரும், படிப்பார்களா தெரியாது.

மாதக் கூட்டங்கள் நடந்தன, கடைசி இரண்டுக்கு மட்டும் ஆள் சேரவில்லை. ஷெட் கூரை ஒழுகியது, அடைத்தாயிற்று.

இனி வண்டி. நம் டிராக் பந்தயக் காரைப் பெட்ரோலிலிருந்து நைட்ரோமீத்தேன் (சுருக்கமாக நைட்ரோ, பந்தய எரிபொருள்) கலவைக்கு மாற்றியதில் செயலாளர் தன் ஆசைக்குச் சங்கப் பணத்தைக் கரைத்துவிட்டார் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. ஆசை என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தீர்மானத்துக்குக் கை தூக்கியது எல்லோரும்தான். "டாங்கில் வேறு எண்ணெயை ஊற்ற வேண்டியதுதானே, இவ்வளவு செலவா" என்பவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், மெத்தனால் என்ற ஆல்கஹாலுக்கு ஆறரை போதும், நைட்ரோ ஆக்சிஜனைக் கையோடு கொண்டுவருவதால் அதற்கு வெறும் 1.7. எடைக்கு எடை பெட்ரோலைவிட வலு குறைந்த சரக்குதான், ஆனால் அதே காற்றுக்கு எட்டு மடங்குக்கு மேல் உள்ளே தள்ளலாம், வேகமே அதில்தான் இருக்கிறது. நாங்கள் வைத்தது 20 சதவீதம் நைட்ரோ, மீதி மெத்தனால். அதற்கே பழைய பம்ப், பைப், ரப்பர் சீல் எதுவும் ஒத்துவரவில்லை. சிலிண்டருக்குள் கலவை அமுங்கும் அளவை, அதாவது கம்ப்ரஷனைக் குறைக்கப் புது பிஸ்டன் போட்டோம். எரியாத கலவை பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி ஆயிலோடு கலந்துவிடுவதால் ஆயிலையும் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது, ஆயில் பில்லைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம்.

அப்புறம் அந்த விபத்து. காலையில் நிழலில் அளந்து 20 வைத்த கலவையை, நான் இல்லாத நேரத்தில் உச்சிவெயிலில் ஒரு உறுப்பினர் (பெயர் வேண்டாம்) ஹைட்ரோமீட்டர், அதாவது அடர்த்தியை வைத்து நைட்ரோ சதவீதம் காட்டும் மிதவை, போட்டுப் பார்த்திருக்கிறார். சூட்டில் திரவம் விரிந்து அடர்த்தி குறையும், மிதவை கீழே இறங்கும், 20 இருப்பது 15 போலத் தெரியும். குறைகிறது என்று நல்லெண்ணத்தில் இன்னும் நைட்ரோ ஊற்றிவிட்டார். நைட்ரோ கூடினால் எரிபொருளைப் பீய்ச்சும் நாசிலும் பெரிதாக வேண்டும், நாசில் பழையதே. எரிபொருள் போதாமல் மூன்றாவது சிலிண்டர் படபடவென்று அடித்தது. பிளக்கைக் கழற்றினால் முனைக் கம்பி இருந்த இடத்தில் சின்ன உருண்டை. பிஸ்டன் தலையில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. ஹைட்ரோமீட்டரோடு வெப்பநிலைத் திருத்த அட்டவணையும் பெட்டியில் இருந்தது, அதைச் சொல்லித்தர நான் கூட்டிய வகுப்புக்கு வந்தவர்கள் நான்கு பேர். ஊற்றியவர் அந்த நால்வரில் இல்லை.

வரவு செலவு பொருளாளரிடம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். சுருக்கமாக, கையிருப்பு போன ஆண்டைவிடக் கொஞ்சம் குறைவு, புது பிஸ்டன் கணக்கு இன்னும் முடியவில்லை. ஷெட்டைத் திறந்து மூடிய தம்பிகளுக்கும் தலைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டு நைட்ரோவைக் கூட்ட நான் பேசப்போவதில்லை. கூட்டினால் ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக், பிளக்குக்குப் பொறி தரும் மேக்னெட்டோ இரண்டாவதாக ஒன்று இல்லாமல் முடியாது. பொறி விழாத சிலிண்டரில் கலவை தேங்கினால் திரவம் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட்தான் வளையும். மேக்னெட்டோ விலை கேட்டு வைத்திருக்கிறேன், நிலுவைச் சந்தாவைக் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய அதே தொகைதான் வருகிறது. ரசீதுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது, போகும்போது அந்தப் பக்கமாகப் போகலாம்.