பீன்யாவிலிருந்து: எஸ்எல்கேயின் பின் லிங்க்குகள்

பெங்களூரு

அன்புள்ள கனகு,

உன் கடிதம் கிடைத்தது. பாப்பாவுக்கு மெக்கானிக்கலில் இடம் கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். லேத் சத்தத்தில் வளர்ந்த பெண், நன்றாக வருவாள். விடுமுறையில் இங்கே அனுப்பு, அத்தை வீடு மாதிரி இருந்து வேலை பார்க்கட்டும். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

பீன்யாவில் வழக்கமான ஜாப் ஒர்க் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் என் மனசு முழுக்க இப்போது ஒரு பழைய மெர்சிடிஸ் எஸ்எல்கே மேல் இருக்கிறது. வண்டிக்காரர் இந்திரா நகர்ப் பையன். உங்கள் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்கென்றே அதை வைத்திருக்கிறான், ரோட்டுக்குக் கொண்டுவருவதில்லை. குட்டையான ஸ்பிரிங் போட்டு வண்டியை இறக்கியிருக்கிறான். இறக்கியதும் பின் சக்கரங்களின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்துவிட்டது, டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்கிறது. டோவை, அதாவது சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பதை, திருத்த கம்பெனியே ஏற்பாடு வைத்திருக்கிறது. கேம்பருக்கு, அதாவது இந்த மேல்பக்கச் சாய்வுக்கு, இல்லை. அதனால்தான் சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் கம்பியான லிங்க்கை, நீளம் மாற்றக்கூடியதாகக் கேட்டு வந்தான்.

1982இல் மெர்சிடிஸ் 190 காரில் வந்த ஐந்து லிங்க் அமைப்பின் வழிவந்ததுதான் இந்த வண்டியின் பின் சஸ்பென்ஷனும். அடியில் படுத்து அதைப் பார்க்கப் பார்க்க அந்த எஞ்சினியர்கள் மேல் மரியாதை கூடுகிறது. ஒவ்வொரு லிங்க்குக்கும் தனி வேலை, ஒவ்வொரு ரப்பர் புஷ்ஷுக்கும் ஒரு காரணம். பையனோ ஐந்தையும் கழற்றிவிட்டு எல்லா முனையிலும் ராட் எண்ட், அதாவது ரப்பர் இல்லாத உருண்டை மூட்டு, போடச் சொன்னான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பிரேக் அடிக்கும்போதும் மேடு பள்ளத்திலும் வரும் முன்பின் உதையை வாங்குகிற லிங்க்குகளில் ரப்பர் இருந்தே ஆக வேண்டும். கம்பெனி அங்கே விட்டிருக்கும் அந்தச் சின்ன இளக்கம் யோசித்து வைத்தது. ஸ்பிரிங் உட்காரும் கீழ் லிங்க்கையும் தொடக் கூடாது, அதில் வளைக்கும் பாரம் விழுகிறது. கேம்பர் லிங்க், டோ லிங்க் இந்த இரண்டு ஜோடி மட்டும்தான் நம் வேலை. இவை இழுபடும், அமுங்கும், அவ்வளவுதான்.

அமுங்கும்போது வளைந்து மடங்காமல் இருக்க, திடக் கம்பியைவிடக் குழாய்தான் சரி. கணக்குப் போட்டுப் பார்: 15 மி.மீ. திடக் கம்பியும், வெளி விட்டம் 25, உள் விட்டம் 20 உள்ள குழாயும் ஒரே எடைதான். ஆனால் வளைவை எதிர்க்கும் பலம் குழாய்க்கு நாலரை மடங்கு. அதனால் 4130 ரக எஃகில் தையல் இல்லாத சீம்லெஸ் குழாய். இரண்டு முனையிலும் மரை போட்ட துண்டை வைத்து ஆர்கான் வெல்டிங். வெல்டிங் சூட்டில் மரை கொஞ்சம் இழுத்துக்கொள்ளும், ஆறியதும் மரை வெட்டும் டேப்பை ஒரு முறை ஓட்டிவிட வேண்டும்.

ஒரு முனையில் இடது மரை, மறு முனையில் வலது மரை, இரண்டும் எம்14, அதாவது 14 மி.மீ. விட்டம், மரைக்கு மரை 1.5 மி.மீ. பிட்ச். வண்டியிலேயே குழாயை ஒரு சுற்று திருப்பினால் நீளம் 3 மி.மீ. மாறும். சக்கரம் மாட்டும் ஹப்பில் மேல் மூட்டுக்கும் கீழ் மூட்டுக்கும் 200 மி.மீ. தூரம் என்று வைத்துக்கொண்டால், ஒரு டிகிரி கேம்பருக்கு மூன்றரை மி.மீ. போதும். அப்புறம் நீளம் நகராமல் பூட்டும் செக் நட்டை இறுக்கினால் முடிந்தது. ராட் எண்டின் மரை குறைந்தது 21 மி.மீ. உள்ளே இறங்கியிருக்க வேண்டும். எவ்வளவு இறங்கியது என்று பார்க்கக் குழாயில் ஒரு சின்ன ஓட்டை போட்டுவிடுவேன்.

பையன் முதலில் வெளிநாட்டு ரெடிமேட் செட் வாங்கலாம் என்றான். உங்கள் ஊர் ரேஸ்காரர் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து கோயம்புத்தூரிலேயே ஃபார்முலா கார் கட்டிய கதையை எடுத்துச் சொன்னேன். நாலு லிங்க் செய்ய நமக்குத் தெரியாதா?

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது சக்கரத்தின் மேல்கீழ் அசைவுதான். நின்ற இடத்தில் அலைன்மெண்ட் சரியாக இருந்தால் போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஸ்பிரிங்கைக் கழற்றி, ஜாக்கி வைத்து ஹப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு நிலையிலும் டோ எவ்வளவு மாறுகிறது என்று எழுத வேண்டும். வளைவில் ஒரு பக்கம் அமுங்கும்போது பின் சக்கரம் தானாகவே வெளியே திரும்பினால் வண்டி சுழன்றுவிடும். கேம்பரைத் தொட்டால் டோவும் நகரும், அதனால் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறேன். இதற்கு ஒரு நாள் முழுக்கப் போனாலும் சரி, வண்டிக்குள் உட்கார்ந்திருப்பது ஒரு உயிர்.

ராட் எண்டைப் பிராக்கெட்டின் இரண்டு தகடுக்கும் நடுவில்தான் வைக்கிறேன். ஒரு பக்கம் மட்டும் போல்ட்டில் தொங்கவிட்டால், சுமையில் போல்ட் வளையப் பார்க்கும். புழுதி புகாமல் ரப்பர் உறையும் உண்டு. இங்கே ஜே.சி. ரோட்டில் கிடைக்கும் ராட் எண்டுகள் எனக்குத் திருப்தியாக இல்லை, இரண்டைக் கையில் ஆட்டிப் பார்த்தபோதே தளர்வு தெரிந்தது. உள்ளே டெஃப்லான் பூச்சுள்ள நல்ல எம்14, இடதும் வலதுமாக, நீ பம்ப் கம்பெனிக்கு வாங்கும் இடத்தில் கிடைக்குமா? மொத்தம் எட்டு வேண்டும். கிடைத்தால் உதய் எக்ஸ்பிரஸில் வருகிற யாரிடமாவது கொடுத்துவிடு.

வெல்டிங் முடிந்த லிங்க்குகளை உனக்கு அனுப்புகிறேன். சாயம் ஊற்றி விரிசல் இருக்கிறதா என்று உன் கையாலேயே சோதித்துச் சொல். நீ சரி என்ற பிறகுதான் வண்டியில் ஏற்றுவேன்.

அன்புடன்,
செல்வம்