ரகசியம் என்று சொல்லாதீர்கள்: ஐரோப்பியப் பேராலயங்களைப் படம் பிடிக்கும் நம் யூடியூபர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

வணக்கம். நான் புதுச்சேரிக்காரன். பாரீஸுக்குப் பக்கத்தில் குடியிருந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் ஐஃபில் கோபுரத்தைக் காட்டி முடித்த மறுநாளே மோன்பர்னாஸ் நிலையத்தில் ரயில் ஏற்றி, பழைய பேராலயம் நிற்கும் ஷார்த்ர் ஊருக்குக் கூட்டிப் போய்விடுவேன். ஒரு மணி நேரப் பயணம்தான். கோதுமை வயல்களுக்கு மேலே முதலில் இரண்டு கோபுரங்கள் மட்டும் தெரியும், ஊர் தெரியாது. இரண்டும் ஒன்றுபோல இருக்காது, ஜாடை மாறிப்போன அண்ணன் தம்பி மாதிரி.

போன கோடையில் அக்கா மகன் வந்திருந்தான். ரயிலில் உட்கார்ந்ததுமே போனை நீட்டினான். "மாமா, இதைப் பாருங்க. வானத்துல கன்னி ராசி எப்படி இருக்கோ, அப்படியே பிரான்ஸ் மேப்புல சர்ச்சுங்களைக் கட்டி வச்சிருக்காங்களாம். எண்ணூறு வருஷமா மறைச்சு வச்சிருக்காங்களாம்." உங்களில் ஒருவர் செய்த காணொளிதான். யாரென்று சொல்லப் போவதில்லை. இதே கதையைச் சொல்லும் காணொளிகளை நானே நாலைந்து பார்த்துவிட்டேன். பின்னணியில் இருட்டு இசை, தம்ப்நெயிலில் சிவப்பு வட்டம், "மறைக்கப்பட்ட உண்மை" என்று கொட்டை எழுத்து.

உங்கள் உழைப்பைக் குறை சொல்ல வரவில்லை. சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து, குளிரில் நின்று, தமிழில் இந்த இடங்களைக் காட்டுகிறீர்கள். நான் வந்த காலத்தில் அப்படிக் காட்ட ஆளே இல்லை. ஆனால் அந்த 'மறைக்கப்பட்ட' என்ற சொல் இருக்கிறதே, அதில்தான் எனக்குச் சண்டை.

முதலில் அந்தக் கன்னி ராசிக் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஷார்த்ர், ரெய்ம்ஸ், அமியான், பாயோ, எவ்ரோ என்று அன்னை மரியாளின் பெயர் கொண்ட பேராலயங்களைக் கோடு போட்டு இணைத்தால் கன்னி வருமாம். சரி, இந்த ஊர்களின் பெயர் எங்கிருந்து வந்தது? பிரான்சின் பழங்குடிகளான கோல் இனத்தாரில் கார்னுத்தர் என்ற பிரிவினரின் ஊர் ஷார்த்ர். ரெமியர் ஊர் ரெய்ம்ஸ், அம்பியானியர் ஊர் அமியான். ரோமானியர் ஆண்ட காலத்திலேயே இவையெல்லாம் தலைநகரங்கள். கிறிஸ்தவம் வந்தபோது ஆயர்கள் (பிஷப்புகள்) அந்தத் தலைநகரங்களில் போய் உட்கார்ந்தார்கள், அவர்கள் உட்கார்ந்த இடத்தில் பேராலயம் எழுந்தது. இடத்தைத் தேர்ந்தெடுத்தது வானம் பார்த்த சிற்பி இல்லை, அவனுக்கு ஆயிரம் வருடம் முந்தைய ரோமானிய நிர்வாகம்.

கட்டிய காலமும் ஒத்து வராது. பாயோ 1077லேயே நேர்ந்தளிக்கப்பட்டது. ஷார்த்ர் 1194இல் எரிந்தது, ரெய்ம்ஸ் 1210இல், அமியான் 1218இல். எரிந்த பிறகுதான் இன்று நாம் பார்க்கும் கட்டடங்கள் எழுந்தன. அப்படியென்றால் கன்னி ராசிக்குத் திட்டம் போட்டது யார், நெருப்பா? நொயோன், சென்லிஸ், ருவான், கூத்தான்ஸ் பேராலயங்களும் அதே அன்னையின் பெயரில்தான் நிற்கின்றன. அவற்றை எந்த நட்சத்திரத்தில் வைப்பீர்கள்? கன்னியில் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவது நம் சித்திரை நட்சத்திரம் ஒன்றுதான், மற்றதெல்லாம் மங்கல். புள்ளி நிறைய இருந்தால் எந்தக் கோலமும் போடலாம்.

இதை அக்கா மகனிடம் சொன்னபோது முகம் வாடிவிட்டது. எனக்கே பாவமாகப் போயிற்று. அதனால் பேராலயத்துக்கு வந்ததும் உள்ளே நுழையவிடாமல் மேற்கு வாசலில் நிறுத்தினேன். 12ஆம் நூற்றாண்டின் நடுவில் செதுக்கிய மூன்று கதவு வாசல் அது, 1194 தீயிலும் தப்பியது. "இடது கதவுக்கு மேல் வளைவில் என்ன இருக்கு பார்" என்றேன்.

கழுத்தை வளைத்துப் பார்த்தான். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் கத்தினான், "மாமா, சிம்மம்! அது தராசு, துலாம்!" மேஷம் முதல் வரும் அதே ராசிகள்தான். பாபிலோனில் பிறந்து கிரேக்கர் கைக்கு வந்து, ஒரு கிளை நம் பக்கம் ஜாதகக் கட்டத்துக்கும், இன்னொன்று இந்த வாசலுக்கும் போயிருக்கிறது. ஒவ்வொரு ராசியோடும் அந்த மாதத்து வேலை: குளிர்காலத்தில் நெருப்போரம் உட்கார்ந்து குளிர் காய்கிறவன், கதிர் அறுக்கிறவன், திராட்சை மிதிக்கிறவன். படிக்கத் தெரியாத குடியானவனும் நிமிர்ந்து பார்த்துத் தன் மாதத்தைக் கண்டுபிடிக்கலாம்.

எண்ணிப் பார்க்கச் சொன்னேன். பத்துதான் வந்தது. இரண்டு குறைகிறது. இங்கேதான் உங்கள் இருட்டு இசை ஆரம்பிக்கும், இல்லையா? காணாமல் போன இரண்டு ராசிகள்! அவன் விடவில்லை, தேடினான். வலது கதவின் வளைவில், அன்னை மரியாளைச் சுற்றிச் செதுக்கிய ஏழு கலைகளுக்கு (அந்தக் காலப் பள்ளியின் ஏழு பாடங்கள்) நடுவே, மீனமும் மிதுனமும் ஒண்டிக்கொண்டு இருந்தன. இடது வளைவில் இடம் போதவில்லை, மிச்சத்தைப் பக்கத்து வாசலுக்குத் தள்ளிவிட்டார்கள் என்பதுதான் ஆய்வாளர்கள் வழக்கமாகச் சொல்லும் விளக்கம். மேஸ்திரியின் சமாளிப்பு! எனக்கு இந்தப் பேராலயத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். கன்னி ராசி வரைபடத்தைவிட எவ்வளவு மனுஷத்தனமான கதை இது, சொல்லுங்கள்.

அந்த ஏழு கலைகளில் வானியலும் ஒன்று. சும்மா அலங்காரத்துக்கு வைத்ததும் இல்லை. 1028இல் இறந்த ஷார்த்ர் ஆயர் ஃபுல்பேர், ராசிகளில் உள்ள முக்கிய நட்சத்திரங்களின் அரபுப் பெயர்களை மனப்பாடம் செய்ய லத்தீனில் செய்யுளே எழுதியிருக்கிறார். ரிஷபத்துக்கு அல்டெபரான் என்று தொடங்கிப் போகும் அது. நம் ரோகிணிதான் அந்த அல்டெபரான். சிலுவைப் போர்களுக்கு முன்னால், ஒரு பிரெஞ்சு ஆயர் முஸ்லிம் வானியலாளர்களின் சொற்களைத் தன் மாணவர்களுக்குப் பாட்டாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நூறு வருடம் கழித்து அதே பள்ளியில் தியெர்ரி என்பவர் ஏழு கலைகளுக்குமான நூல்களை இரண்டு பெரிய தொகுதிகளாகத் திரட்டினார். அவை 1944 மே மாதம் குண்டுவீச்சில் நகர நூலகத்தோடு எரிந்துபோயின. அதற்கு முன் எடுத்த படங்கள்தான் மிச்சம். மறைந்துபோன அறிவு பற்றிக் காணொளி செய்ய ஆசை என்றால் இதைச் செய்யுங்கள்.

உள்ளே போனால், சிலுவை வடிவக் கட்டடத்தின் தெற்குக் கைப் பக்கத்துக் கூடத்தின் தரையில் எல்லாரும் குனிந்து பார்க்கும் ஒரு கல் உண்டு. மற்ற கற்களைவிட வெளிர் நிறம், சாய்வாகப் பதித்தது, அதில் சின்னதாக ஓர் உலோகக் குமிழ். ஜூன் 21 அன்று சூரிய நண்பகலை ஒட்டிப் புனித அப்பொலினாரிஸ் சன்னலில் உள்ள சிறு இடைவெளி வழியாக ஒளி வந்து அதன்மேல் விழும். அழகான காட்சிதான், நானும் நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் "எண்ணூறு வருடத்துக்கு முன் ஜூன் 21க்குக் குறித்து வைத்தார்கள்" என்று நீங்கள் சொல்லும்போது ஒன்று இடிக்கிறது. 1200ஆம் ஆண்டின் நாட்காட்டியில் மிக நீண்ட பகல் ஜூன் 14ஐ ஒட்டி வந்தது.

ஏன் என்பதில்தான் உண்மையான கதை இருக்கிறது. ஜூலியஸ் சீசரின் நாட்காட்டி ஆண்டுக்கு 365¼ நாள் என்று வைத்தது. நிஜ ஆண்டு அதைவிடச் சுமார் 11 நிமிடம் குறைவு. 128 ஆண்டுக்கு ஒரு நாள் வழுக்கும். வழுக்கினால் என்ன என்று கேட்கலாம். உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்) வசந்த சம இரவு நாளை, அதாவது வசந்தத்தில் பகலும் இரவும் சமமாக வரும் நாளைக் கொண்டு கணக்கிடுவது: அதற்குப் பின் வரும் முழு நிலவு, அதற்கு அடுத்த ஞாயிறு. சம இரவு நாள் பிசகினால் பண்டிகை பிசகும், தவக்காலம் பிசகும், வருடமே பிசகும். அதனால் திருச்சபைக்குச் சூரியனைத் துல்லியமாக அளக்க ஆள் வேண்டியிருந்தது; இருட்டான, உயரமான, அசையாத கட்டடமும் வேண்டியிருந்தது. அது அவர்களிடமே இருந்தது.

1475 வாக்கில் ஃபுளோரன்ஸ் பேராலயத்தின் குவிமாட உச்சியில், தரையிலிருந்து சுமார் 90 மீட்டர் உயரத்தில், தோஸ்கனெல்லி என்பவர் துளையிட்ட வெண்கலத் தகடு பொருத்தினார். கோடையில் சில வாரம் மட்டும் சூரியனின் உருவம் தரைக்கு இறங்கும். நாட்காட்டி 1582இல் திருத்தப்பட்டது. ரோமில் அக்டோபர் 4க்கு மறுநாள் 15. அதோடும் நிற்கவில்லை. 1655இல் பொலோன்யா நகரத்துச் சான் பெத்ரோனியோ கோயிலின் கூரையில் 27 மீட்டர் உயரத்தில் துளை வைத்து, நண்பகல் ஒளி விழும் தடத்தில் தரையில் 67 மீட்டர் நீளத்துக்குக் கோடு பதித்தார் வானியலாளர் கசினி. சூரிய உருவத்தின் அளவு கோடைக்கும் குளிருக்கும் எவ்வளவு மாறுகிறது என்று அளந்து, தூரம் மாறும்போது வேகமும் நிஜமாகவே மாறுகிறது என்று வானியலாளர் கெப்ளர் சொன்னதே சரி என்று கண்டார். பொலோன்யா அப்போது போப்பாண்டவரின் ஆட்சிப் பகுதி. கலிலேயோவைத் தண்டித்து 22 வருடம்தான் ஆகியிருந்தது. அதே சபை தன் கோயில் கூரையில் ஓட்டை போட்டுக்கொள்ளச் சம்மதித்திருக்கிறது. சபை எதையும் மறைத்ததே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் இந்தச் சூரியனை மறைக்கவில்லை.

ஸ்ட்ராஸ்பூர்க் பேராலயத்தின் பச்சை ஒளிக்கதிரையும் பார்த்தேன், உங்களில் இன்னொருவர் காணொளியில். சம இரவு நாளில் சன்னலிலிருந்து பச்சைக் கதிர் வந்து பிரசங்க மேடையின் சிலுவையில் விழுவதை "இடைக்காலச் சிற்பிகளின் சூத்திரம்" என்கிறீர்கள். மேடை 15ஆம் நூற்றாண்டு, உண்மை. சன்னல் 19ஆம் நூற்றாண்டு! இடைக்காலச் சிற்பி இறந்து நானூறு வருடம் கழித்து வந்த கண்ணாடி. கண்ணாடியின் வயதைக் கேட்க ஒரு நிமிடம் போதும்.

வெஸலேயில் மட்டும் நானும் தடுமாறுவேன். பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் குன்றின்மேல் நிற்கும் மகதலேனாள் கோயில். ஜூன் 21ஐ ஒட்டிய நாட்களில், கடிகாரம் ஒன்றே முக்காலைத் தாண்டும்போது, தெற்குச் சன்னல்களின் வெளிச்சம் நடுக்கூடத்தின் நட்டநடுவே ஒளிப் பொட்டுகளாக வரிசை கட்டும். பீடத்தை நோக்கிப் படிக்கல் போட்டது போல இருக்கும். அந்த ஊரில் அன்று உச்சிச் சூரியன் 66 டிகிரி உயரம். ஏறக்குறைய கிழக்கு மேற்காக நீளும் கூடத்தில், சன்னலின் உயரம் கூடத்தின் பாதி அகலத்தைப் போல இரண்டேகால் மடங்கு அமைந்துவிட்டால் இது நடக்கும். திட்டமிட்டார்களா, அமைந்துவிட்டதா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குத் திட்டம் என்று நம்ப ஆசை. ஆசை என்றே சொல்லிவிடுகிறேன், உங்களைப் போல "நிரூபிக்கப்பட்டது" என்று சொல்ல மாட்டேன்.

ஆக, நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஷார்த்ர் கோடை உதயத்தைப் பார்த்து நிற்கிறது என்று சொல்வதற்கு முன் போனில் திசைகாட்டியைத் திறந்து பாருங்கள். அது ஏறக்குறைய நேர் வடகிழக்கைப் பார்க்கிறது. மிக நீண்ட பகலில்கூடச் சூரியன் அவ்வளவு வடக்கே போய் உதிப்பதில்லை. வாசலைக் காட்டாமல் உள்ளே ஓடாதீர்கள். தெற்குச் சுற்றுப் பாதையில் ராசிகளுக்கும் மாதங்களுக்கும் என்றே ஒரு முழு வண்ணக் கண்ணாடிச் சன்னல் இருக்கிறது, 13ஆம் நூற்றாண்டு. அதை ஒரு காணொளியிலும் நான் பார்க்கவில்லை. பீடத்தைச் சுற்றிய கல் மறைப்பில் 24 மணி நேர முகப்புள்ள வானியல் கடிகாரமும் இருக்கிறது. வெயில் நாளாகப் பார்த்து, காலையில் போங்கள்.

வரும்போது சொல்லுங்கள், நானும் வருகிறேன். பைனாகுலர் கொண்டு வாருங்கள், மீனமும் மிதுனமும் வெறும் கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது. என்னுடையதை அக்கா மகன் ஊருக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்புடன்,
பாரீஸிலிருந்து ஒரு புதுச்சேரிக்காரன்