காங்கோங் பாத்தியும் நத்தையும்

அன்புள்ள நித்யாவுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். காங்கோங் கீரையின் இலையில் கன்னாபின்னாவென்று ஓட்டை, தொட்டி விளிம்பில் காய்ந்து மினுங்கும் கோடு. ஆப்பிரிக்கப் பெருநத்தையின் வேலைதான்.

முதலில், உப்புத் தூவாதே. அது நத்தையின் உடம்பிலிருந்து நீரை உறிஞ்சி வதைத்துக் கொல்லும், மண்ணும் கெடும். முட்டை ஓட்டை நொறுக்கி வேலி போடுவதும் வீண். நம் ஊர் ஈரத்தில் நத்தை அதன்மேல் தாராளமாக ஏறிப் போகும், ஓடு வளர்வதற்கான சுண்ணாம்புச் சத்தும் அதற்கு இலவசமாகக் கிடைக்கும். சுவர்ப் பூச்சைக்கூடச் சுரண்டித் தின்கிற பிராணி அது! மெட்டால்டிஹைடு என்ற நஞ்சு கலந்த நத்தை மருந்து உருண்டை வேண்டவே வேண்டாம். பூனை, நாய் தின்றால் உயிருக்கே ஆபத்து.

கையால் பொறுக்குவதே வழி. மழை விட்ட இரவில் டார்ச்சோடு போ. பகலில் பாத்திப் பலகையின் அடியிலும் தொட்டிகளுக்குப் பின்னாலும் தேடு. இரவில் மேய்ந்துவிட்டுப் பெரும்பாலும் பழைய இடத்துக்கே திரும்பும். வெயில் காலத்தில் ஒன்றையும் காணோமே என்று விட்டுவிடாதே. ஓட்டின் வாயைச் சவ்வால் அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கும்.

ஒரே நத்தைக்குள் ஆணும் பெண்ணும் உண்டு. ஒருமுறை கூடினால் விந்தைச் சேமித்து வைத்துப் பலமுறை முட்டையிடும், ஒவ்வொரு ஈட்டிலும் நூற்றுக்கணக்கில். அதனால் ஒன்று தப்பினாலும் போதும். மேல்மண்ணை விரலளவு கிளறிப் பார்: பெரிய ஜவ்வரிசி போல, வெள்ளையோ வெளிர்மஞ்சளோ, முட்டைகள் குவியலாக இருக்கும். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் பொரிந்துவிடும், அதற்குள் நசுக்கிவிடு. பிடித்த நத்தைகளைக் கொதிநீரில் போட்டு, பையில் இறுகக் கட்டிக் குப்பையில் சேர். பக்கத்துப் புதரில் வீசினால் திரும்பி வரும்.

கையுறை இல்லாமல் தொடாதே. எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் குஞ்சுகள் இந்த நத்தையின் உடம்பில் வளரும். மனிதருக்குள் போனால் மூளை உறையில் அழற்சி வரலாம். எலிப் புழுக்கை தின்றுதான் நத்தைக்கு அது தொற்றுகிறது. இலைக்காம்பின் இடுக்கில் மிளகளவு நத்தைக் குஞ்சுகள் ஒட்டியிருக்கும், ஆகவே கீரையை ஒவ்வொரு இலையாகக் கழுவு. பச்சையாகத் தின்னாதே, நன்றாக வேக வை.

கிடைத்ததையெல்லாம் பைக்குள் போட்டுவிடாதே. பெருநத்தையின் ஓடு கூம்பாக நீண்டு, பழுப்புப் பட்டைகளோடு இருக்கும். தட்டையாக, இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலத்தில் ஒன்று அகப்பட்டால் அது நம் மண்ணின் குவான்டுலா ஸ்ட்ரையாட்டா என்ற நத்தையாக இருக்கலாம். அதன் வாய்க்குக் கீழே ஒளியுறுப்பு உண்டு. பச்சை மஞ்சளாக விட்டுவிட்டு மின்னும், முட்டைகூட ஒளிரும். 1943-இல் சிங்கப்பூரில்தான் ஜப்பானிய விஞ்ஞானி யாத்தா ஹனேடா இந்த ஒளியைக் கண்டறிந்தார். இளசுகளில்தான் வெளிச்சம் நன்றாகத் தெரியும். பொறுக்கி முடித்ததும் டார்ச்சை அணைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழகும்வரை அங்கேயே கொஞ்சம் நின்று பார்.

அன்புடன்,
அப்பா